கிளப் காட்டும் லாபம் நிஜமா? விளையாட்டு கிளப்பின் ஆண்டுக் கணக்கைப் படிக்க முழுமையான வழிகாட்டி

லாஸ்பேட்டையில் பி.காம் படிக்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "சித்தப்பா, செல்சி கிளப் 12 கோடி பவுண்டுக்கு மேல லாபம் காட்டியிருக்கு. ஆனா யுவேஃபா அபராதம் போட்டிருக்கு. லாபம் வந்த கிளப்புக்கு எதுக்கு அபராதம்?" என்றான். செல்சி லண்டன் கால்பந்து கிளப். யுவேஃபா ஐரோப்பியக் கால்பந்தின் தலைமை அமைப்பு.

நல்ல கேள்வி. பதில் சொல்லி முடிக்க மூன்று மாலை ஆனது. உப்பளம் மைதானத்தில் பையன்கள் பந்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். எங்கள் புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், நிறைய. அந்த வீடுகளில் பிரெஞ்சு லீக் முடிவுகள் ஐபிஎல் அளவுக்கே பேசப்படும். அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கால்பந்தும் தெரியும், பிழைப்புக்குக் கணக்கும் தெரியும். அந்த மூன்று மாலைகளில் அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பேலன்ஸ் ஷீட் என்றால் என்ன என்று ஓரளவு தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்: லாபத்தை ஏன் கூட்டிக் காட்டுகிறார்கள்?

நேரு வீதியில் கடை வைத்திருப்பவருக்கு லாபத்தைக் குறைத்துக் காட்டத்தான் ஆசை வரும். வரி குறையும். விளையாட்டு கிளப்பில் இது தலைகீழ். கிளப் உரிமையாளர்கள் பெரும்பாலும் பணம் சம்பாதிக்க வருவதில்லை, ஜெயிக்க வருகிறார்கள். கையில் இருப்பதையெல்லாம் வீரர்கள் மேல் கொட்டுவார்கள். அதைத் தடுக்கத்தான் லீக்குகள் நஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2025-26 பருவம் வரை அந்த வரம்பு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டு. எவர்டன் கிளப்பின் கணக்கில் நஷ்டம் 12.45 கோடியாக வந்ததால் 2023 நவம்பரில் லீக் பட்டியலில் அதன் 10 புள்ளிகள் வெட்டப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. யுவேஃபா இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கிறது. வீரர்களுக்கான செலவு வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2023-24இல் ஆரம்பித்து, 80 ஆக்கி, பிறகு 70 ஆக இறுக்கியது.

ஆக, இந்த ஒரு எண்ணில்தான் புள்ளி, கோப்பை, ஐரோப்பியப் போட்டிக்கான உரிமம் எல்லாம் தொங்குகின்றன. கணக்கு விதிகள் விட்டுவைக்கும் இடைவெளிக்குள் அந்த எண்ணை ஏற்றி இறக்குவதைத்தான் 'லாப நிர்வாகம்' என்கிறார்கள். விதிக்கு உட்பட்டும் செய்யலாம், விதியை மீறியும் செய்யலாம். படிக்கிற நமக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் கண்ணில் படும்.

முதல் படி: முழு அறிக்கையைக் கையில் எடுங்கள்

செய்தித்தாளில் வரும் லாப எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முழு ஆண்டறிக்கை வேண்டும். இங்கிலாந்து கிளப்புகளுக்கு, அந்த நாட்டின் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். யுவென்டஸ், டார்ட்மண்ட், மான்செஸ்டர் யுனைடெட் போல பங்குச்சந்தையில் இருக்கும் கிளப்புகள் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. பிரான்ஸில் கிளப்புகளின் நிதியைக் கண்காணிக்கும் டிஎன்சிஜி என்ற அமைப்பு ஒவ்வொரு பருவத்துக்கும் கிளப் வாரியாகக் கணக்கை வெளியிடுகிறது. இந்தியாவில் கிளப் ஒரு கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் (எம்சிஏ) 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். ஏஓசி-4 என்ற படிவத்தோடு இணைத்திருப்பதுதான் ஆண்டுக் கணக்கு.

நம்மூர்ச் சின்ன கிளப்புகள் பெரும்பாலும் சங்கங்கள். கடலூரில் என்றால் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம், புதுச்சேரியில் என்றால் 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். உறுப்பினராக இருந்தால் பொதுக்குழுவில் கணக்கைக் கேட்டு வாங்கலாம். தயங்காமல் கேளுங்கள்.

கையில் வந்ததும் கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். தலைவர் உரையும் படங்களும் அப்புறம். 'நோட்ஸ்' என்ற குறிப்புகள்தான் நமக்கு வேண்டியவை.

இரண்டாம் படி: ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது?

ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளுக்குப் பெரும்பாலும் ஜூன் 30. இந்தியாவில் மார்ச் 31. இந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வாரங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை இந்தப் பக்கம் இழுப்பதுதான் மிகப் பழைய வழி.

நான் கணக்கு பார்த்துக் கொடுத்த ஒரு கடலோரக் குப்பத்து கிளப்பில் இதை நேரிலேயே பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில்தான் அவர்களுடைய கால்பந்துப் போட்டி. ஜெர்சிக்குப் பணம் தருகிற கடைக்காரர் மார்ச்சிலேயே முன்பணம் கொடுத்துவிடுவார். பொருளாளர் அதை மார்ச் மாத வருமானமாக எழுதிவிட்டார். விளக்கு வாடகை பில்லையோ மேசை அறையில் வைத்திருந்து ஏப்ரலில் எழுதினார். திருடவில்லை, ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. பொதுக்குழுவில் 'உபரி' என்று சொல்ல ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆண்டு போட்டியை நடத்தும்போது வருமானமே இல்லாமல் செலவு மட்டும் நின்றது. அதை மறைக்க அடுத்த மார்ச்சில் இன்னும் பெரிய முன்பணத்தை இழுக்க வேண்டி வந்தது. ஒரு முறை இழுத்தால் ஒவ்வோர் ஆண்டும் இழுக்க வேண்டும்.

பெரிய கிளப்பிலும் இதே கதைதான். ஜூனில் விற்ற அடுத்த பருவத்துச் சீசன் டிக்கெட் பணம் வருமானம் அல்ல. போட்டி நடக்கும் வரை அது கிளப்பின் கடன். 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்ற தலைப்பு பேலன்ஸ் ஷீட்டில் திடீரென்று சுருங்கினால் ஏன் என்று கேளுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் தன் மைதானத்தை உரிமையாளருக்கே விற்று, அந்த லாபத்தை 2017-18 கணக்கில் சேர்த்தது. விற்பனை அந்த ஆண்டுக்கு உரியது அல்ல என்று விசாரணையில் முடிவானது. 2020இல் 12 புள்ளிகள் வெட்டப்பட்டு, பிறகு 6 ஆகக் குறைந்தன.

ஐபிஎல் அணிகளிலும் இதைக் கவனிக்கலாம். 2024 பருவம் மார்ச் 22இல் ஆரம்பித்தது. சில போட்டிகள் ஒரு நிதியாண்டில், மிச்சமெல்லாம் அடுத்த நிதியாண்டில். எத்தனை போட்டியின் வருமானம் எந்த ஆண்டில் வந்திருக்கிறது என்று 'வருமானம் கணக்கிடும் முறை' குறிப்பில் தேடுங்கள்.

மூன்றாம் படி: லாபத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, விளையாடிச் சம்பாதித்தது: டிக்கெட், டிவி உரிமை, விளம்பரம். அதிலிருந்து சம்பளமும் மற்ற செலவுகளும் போக மிச்சம். இரண்டாவது, வீரர்களை விற்ற லாபம். மூன்றாவது, ஒரே ஒரு முறை வரும் லாபம்: நிலம், கட்டடம், துணைக் கம்பெனி விற்பனை.

முதல் வரிதான் கிளப்பின் உடம்பு. வீரர் விற்பனையும் ஒரு தொழில்தான், சில கிளப்புகள் அதை ஆண்டுதோறும் நேர்மையாகச் செய்கின்றன. அதனால் ஐந்து ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துப் பாருங்கள். வரம்பு நெருக்கும் ஆண்டில் மட்டும் இரண்டாவது வரியோ மூன்றாவது வரியோ வீங்குகிறதா?

நான்காம் படி: வீரரின் விலையை எத்தனை ஆண்டுக்குப் பரப்புகிறார்கள்?

இதுதான் விளையாட்டுக் கணக்கின் மையம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடமிருந்து 50 கோடி ரூபாய்க்கு ஒரு வீரரை வாங்குகிறது, ஒப்பந்தம் 5 ஆண்டு என்று வையுங்கள். அந்த 50 கோடி, செலவுப் பக்கத்துக்கு உடனே போவதில்லை. வீரரின் பதிவு உரிமை ஓர் அருவச் சொத்தாக, அதாவது கையால் தொட முடியாத சொத்தாக, பேலன்ஸ் ஷீட்டில் உட்காரும். ஆண்டுக்கு 10 கோடி வீதம் கரையும். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது போலத்தான். 2017இல் நெய்மாருக்குப் பாரிஸ் கிளப் கொடுத்த 22.2 கோடி யூரோவும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 4.44 கோடியாகத்தான் செலவில் வரும்.

இப்போது மூன்று ஆண்டு போய்விட்டது. புத்தகத்தில் 20 கோடி மிச்சம். கிளப் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று ஆண்டு நீட்டுகிறது. மீதி ஆண்டுகள் இப்போது ஐந்து. 20 கோடியை ஐந்தால் வகுத்தால் 4 கோடி. ஆண்டுச் செலவு 10 கோடியிலிருந்து 4 கோடியாக இறங்கிவிட்டது! ஒரு கோல்கூட அதிகம் விழவில்லை, ஒரு டிக்கெட்கூட கூடுதலாக விற்கவில்லை. லாபம் மட்டும் 6 கோடி கூடுகிறது.

நீட்டாமல் அதே நேரத்தில் 30 கோடிக்கு விற்றால்? வாங்கியது 50, விற்றது 30. நமக்கு இது நஷ்டம். புத்தகத்தில் 20 தான் மிச்சம் என்பதால் கணக்கு 10 கோடி லாபம் காட்டும். இதில் தப்பு எதுவும் இல்லை, விதி அப்படி. ஆனால் 'வீரர் விற்பனையில் லாபம்' என்ற வரியைப் படிக்கும்போது இது மனதில் இருக்க வேண்டும்.

இந்த வழியைத் தொடக்கத்திலேயே நீளமாக விரித்தது செல்சி. 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னான்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஐந்தாண்டில் கரைத்தால் ஆண்டுக்கு 2.14 கோடி. எட்டரை ஆண்டில் 1.26 கோடி. யுவேஃபா 2023 ஜூலை முதல் புது ஒப்பந்தங்களுக்கு ஐந்தாண்டு உச்சவரம்பு வைத்தது. பிரீமியர் லீக் அதே ஆண்டு டிசம்பரில் பின்தொடர்ந்தது. பழைய ஒப்பந்தங்களை அது தொடவில்லை.

டெர்பி கவுன்டி என்ற இங்கிலாந்து கிளப் வேறு வழியில் போனது. வீரருக்கு ஒப்பந்த முடிவிலும் ஒரு மறுவிற்பனை மதிப்பு இருக்கும் என்று தானே மதிப்பிட்டு, ஆரம்ப ஆண்டுகளில் குறைவாகக் கரைத்தது. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் இலவசமாகப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 போஸ்மன் தீர்ப்பிலேயே சொல்லியாயிற்று. அப்புறம் எங்கிருந்து வரும் மறுவிற்பனை மதிப்பு? 2021 நவம்பரில் கணக்கு மீறலுக்காக 9 புள்ளிகள் போயின. திவால் நிர்வாகத்துக்குப் போனதற்காக 12 புள்ளிகள் ஏற்கெனவே போயிருந்தன. மொத்தம் 21. அந்தப் பருவத்திலேயே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

ஆகவே 'கணக்குக் கொள்கைகள்' என்ற பகுதியில் அருவச் சொத்து பற்றிய பத்தியைத் தேடுங்கள். எத்தனை ஆண்டு, எஞ்சிய மதிப்பு உண்டா, போன ஆண்டிலிருந்து முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய காயத்தில் இருக்கும் அல்லது ஓரங்கட்டப்பட்ட வீரரின் மதிப்பை இறக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த இறக்கத்தைத் தள்ளிப்போடுவது மிகச் சாதாரணம்.

இன்னொன்று: சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை கிடையாது. எனவே புத்தகத்தில் அவர் மதிப்பு பூஜ்யம். விற்றால் வரும் தொகை முழுக்க லாபம். கிளப்பின் மேல் அன்போடு வளர்ந்த உள்ளூர்ப் பையன்களையே முதலில் விற்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த விதி. எனக்கு இதில் உள்ளபடியே வருத்தம் உண்டு.

ஐந்தாம் படி: பண்டமாற்று நடந்திருக்கிறதா?

இரண்டு கிளப். இருவரிடமும் பள்ளியில் வளர்ந்த ஒரு பையன். ஆளுக்கு 20 கோடி என்று விலை போட்டு மாற்றிக்கொள்கிறார்கள். பணம் கை மாறவில்லை. ஆனால் இரண்டு கிளப்பும் அந்த ஆண்டே 20 கோடி லாபம் எழுதலாம். வாங்கிய பையனின் 20 கோடி ஐந்து ஆண்டுக்கு 4 கோடி வீதம் பின்னால் வரும். இன்றைக்கு லாபம், நாளைக்குச் செலவு. விலையை 20 என்றால் என்ன, 40 என்றால் என்ன? இருவருக்கும் கூடக் கூட நல்லதுதான். இளம் வீரருக்குச் சந்தை விலை இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆபத்து அங்கேதான்.

2020 ஜூன் கடைசியில், கணக்கு முடிய ஒரு நாள் இருக்கும்போது, யுவென்டஸ் பியானிச்சை பார்சிலோனாவுக்கு 6 கோடி யூரோவுக்கு விற்று, ஆர்தரை 7.2 கோடிக்கு வாங்கியது. உண்மையில் கை மாற வேண்டியது 1.2 கோடி வித்தியாசம் மட்டும். இத்தாலியில் இப்படிப்பட்ட விற்பனை லாபத்தை 'பிளுஸ்வலென்சா' என்பார்கள். யுவென்டஸின் மொத்த வழக்கத்தையும் விசாரித்து, 2023 ஜனவரியில் 15 புள்ளிகள் வெட்டினார்கள். அது திருப்பி அனுப்பப்பட்டு, மே மாதம் 10 புள்ளிகளாக முடிந்தது. அதற்கு முன்பே, 2022 நவம்பரில், தலைவர் உட்பட மொத்த இயக்குநர் குழுவும் பதவி விலகியிருந்தது. 2018இல் சின்ன கிளப்பான கியேவோவும் இதே வகைக் குற்றத்துக்கு 3 புள்ளிகள் இழந்தது.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை. ஆண்டின் கடைசி மாதத்தில் விற்ற வீரர்கள், வாங்கிய கிளப்புகள் என்று பட்டியல் போடுங்கள். பக்கத்தில் அதே மாதம் வாங்கிய வீரர்கள், விற்ற கிளப்புகள். இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் வந்தால் வட்டம் போடுங்கள். 2024 ஜூனுக்கு இதைச் செய்தால் செல்சி, ஆஸ்டன் வில்லா, எவர்டன் பெயர்களுக்கிடையே வட்டம் விழும். வட்டம் விழுந்ததாலேயே குற்றம் என்று ஆகாது. இரண்டு பக்கமும் ஆள் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த லாபத்தை உங்கள் தாளில் தனியாக எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: உரிமையாளரோடு நடந்த கொடுக்கல் வாங்கல்

'தொடர்புடைய தரப்பினர்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பு பெரும்பாலும் இருக்கும். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றியதெல்லாம் அங்கேதான் இருக்கும். டெர்பி தன் மைதானத்தை 8.11 கோடி பவுண்டுக்கு உரிமையாளரின் கம்பெனிக்கே விற்றது. செல்சி இரண்டு ஹோட்டல்களைத் தன் குழுமத்துக்குள்ளேயே 7.65 கோடிக்கு விற்றது. அடுத்த ஆண்டு பெண்கள் அணியையும் அப்படியே விற்றது. விளம்பர ஒப்பந்தத்திலும் கேளுங்கள்: ஜெர்சியில் பெயர் போடும் கம்பெனி உரிமையாளரின் சொந்தக் கம்பெனியா? மற்ற கிளப்புகள் வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் எவ்வளவு அதிகம்?

ஏழாம் படி: பணம் வந்ததா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. லாபம் ஏட்டில் இருக்கும், சம்பளம் ரொக்கத்தில் போக வேண்டும். பணப் புழக்க அறிக்கையை எடுத்து, 'செயல்பாடுகளிலிருந்து வந்த பணம்' என்ற எண்ணை லாபத்தோடு பக்கத்தில் வையுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போகிறது, பணம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் கவலைப்பட வேண்டிய கிளப்.

வீரரை விற்ற லாபம் அன்றே முழுசாக எழுதப்படும். பணமோ மூன்று நான்கு தவணையில் வரும். அந்த வராத தவணைகளையும் வங்கியிடம் தள்ளுபடியில் விற்றுப் பணமாக்கும் கிளப்புகள் உண்டு. பார்சிலோனா இன்னும் தூரம் போனது. 2022இல் தன் லீக் டிவி உரிமை வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. 2022-23இல் 30.4 கோடி யூரோ லாபம் வந்ததற்கு இப்படிப்பட்ட விற்பனைகள் பெரிய காரணம். இனி வரும் ஆண்டுகளில் அந்தக் கால் பங்கு வராது. அறுவடையை முன்கூட்டியே விற்றுவிட்டு நிலத்தில் நிற்கும் விவசாயியின் நிலைமை.

இந்த இடத்தில் பிரெஞ்சு முறை எனக்குப் பிடிக்கும். டிஎன்சிஜி, நடந்து முடிந்ததை மட்டும் பார்க்காமல், வரப்போகும் பருவத்துக்குப் பணம் எங்கே என்று கேட்கும். காட்ட முடியாவிட்டால் கீழே இறக்கும். 2024இல் போர்தோ கிளப் அப்படித்தான் தொழில்முறை அந்தஸ்தையே இழந்து நான்காம் பிரிவுக்குப் போனது. ஒரு காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி போர்தோ வியாபாரிகள் கை வழியாக செனகல் போனது. அந்த ஊரின் கிளப் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடவே வலித்தது. 2025 ஜூனில் லியோனையும் இறக்கினார்கள். உரிமையாளர் தரப்பு நிர்வாகத்தை மாற்றிப் பணமும் கொண்டுவந்த பிறகு ஜூலையில் மேல்முறையீட்டில் தப்பியது.

எட்டாம் படி: ஆடிட்டர் என்ன எழுதியிருக்கிறார்?

இது சீக்கிரம் முடியும். கிளப் தொடர்ந்து இயங்குமா என்பதில் 'குறிப்பிடத்தக்க ஐயம்' என்று எழுதியிருக்கிறாரா? உரிமையாளர் பணம் போட்டுக்கொண்டே இருப்பார் என்ற உறுதிமொழியை மட்டும் நம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? ஆடிட்டர் அடிக்கடி மாறுகிறாரா, கணக்கு தாமதமாகத் தாக்கலாகிறதா? கணக்கு ஆண்டு 12 மாதத்துக்குப் பதில் 13, 14 மாதமாக நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்திய கிரிக்கெட் அணி என்றால்

சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு தனிக் கம்பெனியாக இருப்பதால் ஆண்டறிக்கை கிடைக்கிறது. ஆனால் நான்காம் படியும் ஐந்தாம் படியும் அங்கே அவ்வளவாகப் பொருந்தாது. ஏலத்தில் சொல்லும் தொகை வீரருக்குப் போகும் சம்பளம், இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. அது அப்படியே அந்த ஆண்டுச் செலவு. வருமானத்தில் பெரும்பங்கு 2023-27க்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போன ஊடக உரிமையிலிருந்து பிசிசிஐ வழியாக வருவது. ஆகவே இரண்டாம் படியிலும் ஆறாம் படியிலும் அதிக நேரம் செலவிடுங்கள்.

பையன் போட்ட தாள்

மூன்றாம் மாலை, செல்சியின் 2023-24 கணக்கை அவன் கையிலேயே கொடுத்தேன். மேலே எழுதினான்: வரிக்கு முந்தைய லாபம் 12.84 கோடி பவுண்டு. ஆறாம் படியில் கண்டுபிடித்தான்: பெண்கள் அணியைக் குழுமத்துக்குள் விற்ற லாபம் 19.87 கோடி. கழித்தால் 7.03 கோடி நஷ்டம். வீரர் விற்பனை லாபம் 15.25 கோடி, அதையும் கழித்தான். 22.28 கோடி நஷ்டம். அதுதான் அந்த ஆண்டு விளையாடிச் சம்பாதித்ததன் கதை.

குழுமத்துக்குள் நடக்கும் சொத்து விற்பனையை யுவேஃபா வருமானமாக ஏற்பதில்லை. 2025 ஜூலையில் செல்சிக்குப் போட்ட உடனடி அபராதம் 3.1 கோடி யூரோ. அதில் 2 கோடி நஷ்ட வரம்புக்கு, 1.1 கோடி வீரர் செலவு விகிதத்துக்கு. பையன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்தது ஆஸ்டன் வில்லா கணக்கு எடுக்கட்டுமா சித்தப்பா?" என்றான்.